கண்ணாடியில் ஒரு நந்தியாவட்டை

பூ வரைவது பொறுமைசாலிகளின் வேலை என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னைப் போல ஓர் இடத்தில் உட்கார முடியாதவர்கள்தான் பூவிடம் போய் மாட்டிக்கொள்கிறார்கள். மரம் நிற்கும். மலை நிற்கும். கரையில் கட்டிப் போட்ட படகுகூட ஓரளவுக்கு நிற்கும். பூ நிற்காது. பறித்து வந்து டம்ளர் தண்ணீரில் வைத்து, பென்சிலைச் சீவிவிட்டு நிமிர்ந்தால் ஓர் இதழ் கொஞ்சம் இறங்கியிருக்கும். அதைத் திருத்துவதற்குள் இன்னொன்று இறங்கும். இங்கே கடற்கரை ஓரமெல்லாம் நீர்ப்பருத்தி பூக்கிறது. காலையில் நல்ல மஞ்சள், சாயங்காலம் செங்கல் நிறம். அதை வரைய உட்கார்ந்தால் எந்த நேரத்துப் பூவை வரைவது என்று முடிவு செய்வதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

போர்ட் பிளேரில், ஹேடோ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற குவார்ட்டர்ஸில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். கணவருக்குத் தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் என்ஜின் அறையில் வேலை. போனால் சில நாள், வந்தால் சில நாள். மற்றபடி வீட்டில் நானும் மாமியாரும்தான். காலைச் சமையல் முடிந்ததும் துறைமுகத்து கிரேன் சத்தம் ஆரம்பித்துவிடும். இரும்புப் பெட்டியை இரும்புப் பெட்டிமேல் இறக்கும் சத்தம். எப்போது அடுத்தது விழும் என்று காது காத்துக்கொண்டே இருக்கும். அந்தக் காத்திருப்பில் எனக்கு இருப்புக் கொள்ளாது. அலமாரியை அடுக்குவேன், மறுபடி கலைப்பேன். அப்படி ஒரு நாள் கையில் அகப்பட்டது பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விட்டுப்போன வண்ணப் பெட்டி. அன்றிலிருந்து பூ வரைகிறேன்.

என் முறை எண்ணி வரைவது. எத்தனை இதழ், எந்த இதழ் எதன்மேல் ஏறியிருக்கிறது, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் மகரந்தம் எந்தப் பக்கம் அதிகம் என்று முதலில் பார்த்துக்கொள்வேன். பிறகு மெல்லிய பென்சில் கோடு. கோடு சரியாக வந்த பிறகுதான் நிறம். அதையும் நீர்க்க நீர்க்க, ஒன்று காய்ந்த பிறகு ஒன்றாகப் போடுவேன். இதழில் புழு தின்ற ஓட்டை இருந்தால் ஓட்டையையும் போடுவேன். பூவைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்பது என் கட்சி.

பக்கத்து மின்னி பே பகுதியில் இருக்கும் என் தோழிக்கு இது பிடிக்காது. அவள் தெலுங்குக்காரி, பள்ளிக்கூட டீச்சர். தமிழும் தெலுங்கும் இங்கே சந்தித்தால் ஹிந்தியில்தான் பேசிக்கொள்ளும். அவள் வீட்டு மேஜையில் பென்சிலே கிடையாது. பெரிய பிரஷ்ஷைத் தண்ணீரில் முக்கி, தாளை நனைத்து, அதன்மேல் நிறத்தைக் கொட்டிவிடுவாள். நிறம் ஓடுகிறபடி ஓடவிட்டு, அது நின்ற இடத்தில் இரண்டு கோடு இழுத்தால் பூ நிற்கும். எனக்குப் பொறாமையாக இருக்கும்.

“பெஹ்லே ரங் டாலோ, ஃபூல் அப்னே ஆப் ஆயேகா” என்பாள். முதலில் நிறத்தைப் போடு, பூ தானாக வரும் என்று அர்த்தம். என் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு ஒருமுறை, “யே ஃபூல் நஹீ, போஸ்ட்மார்ட்டம் ஹை” என்றாள். இது பூ இல்லையாம், பிரேதப் பரிசோதனையாம். அன்றைக்கு அவள் வீட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். மறுநாள் போனபோது மிச்ச டீயை நினைவுபடுத்திச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் மூன்றாவதாக ஒரு முறை இருந்தது. அது மாமியாருடையது. அவர் பிரஷ் பிடித்தவர் அல்ல. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவர். வரும்போது மடியோடு அணைத்துக் கொண்டுவந்த முருகன் படம் எங்கள் கூடத்தில் இருக்கிறது. வேலோடும் மயிலோடும் ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். காலையில் குளித்துவிட்டு வந்து, ஈரத்துணியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்து, நேற்று வைத்த பூவை எடுத்துவிட்டு, புதுப் பூ ஒன்று வைத்த பிறகுதான் அவருக்குத் தொண்டையில் காப்பி இறங்கும். மகன் கடலில் இருக்கிற நாளில் இது இன்னும் கண்டிப்பு. கீழே விழுந்த பூ ஆகாது. முகர்ந்து பார்த்த பூ ஆகாது. பூச்சி அரித்தது ஆகாது. நேற்றுப் பூ ஆகவே ஆகாது.

அந்த வருஷ மழை ஆரம்பத்திலேயே பூவுக்குத் திண்டாட்டம் வந்துவிட்டது. எங்கள் கட்டடத்துக்குக் கீழே நின்ற செம்பருத்தியைத் தண்ணீர்க் குழாய் பதிப்பதற்காக வெட்டிவிட்டார்கள். பஜாரில் பூக்காரி வைத்திருப்பது தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்து மேன்லேண்டிலிருந்து விமானத்தில் வருகிற பூ. மேகம் இறங்கிய நாளில் விமானம் வந்து வட்டமடித்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விடும். பூவும் திரும்பிப் போய்விடும். மிச்சம் மீதி இருந்த செடிகளைக் காற்று உலுக்கிவிட்டது.

ஒரு காலையில் மாமியார் காப்பி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பழைய படம் ஒன்றுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

“ஏன் தாயி, நாள் பூரா பூவாத்தானே வரைஞ்சு தள்ளுற. சாமிக்கு ஒண்ணு வரைஞ்சு குடுக்கக் கூடாதா?” என்றார்.

“வரைஞ்ச பூவை சாமி ஏத்துக்குமா அத்தே?”

“மவுசம் கராபா இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? ஏத்துக்குவாரு.”

மழையும் காற்றும் சரியில்லை என்பதற்கு இந்தத் தீவில் எல்லா வீட்டிலும் அந்த ஒரு ஹிந்திச் சொல்தான். முருகனுக்கும் அது புரியும் என்று மாமியார் தீர்மானித்துவிட்டார். தாளில் வரைந்து ஒட்டலாம் என்றேன். தாள் நமுத்துப்போய் விழும், விழுந்த பூ ஆகாது என்றார். கண்ணாடிமேலேயே வரையச் சொன்னார். போஸ்டர் கலரைக் கண்ணாடியில் வைத்தால் நிற்காது, முத்து முத்தாக உருண்டு ஓடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்ததும் பிடித்துக்கொண்டது. மயிலின் கழுத்துக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி போட்டேன். என் முறைப்படிதான் போட்டேன். பக்கவாட்டில் திரும்பி, ஓர் இதழ் மடங்கி, காம்பில் ஓர் எறும்போடு. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மாமியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

“இது ஏன் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு நிக்குது? சாமிகிட்ட கோவமா?”

“பூ அப்படித்தான் இருக்கும் அத்தே.”

“செடியில இருக்கும். சாமிக்கு வைக்கும்போது நல்லா மலர்த்தித்தானே வைப்போம். காம்பு எதுக்கு? எறும்பு வேறயா! பூச்சி இருந்தா ஆகாதுன்னு சொல்லியிருக்கேன்ல?”

எறும்பை மட்டும் துடைத்துவிட்டேன். மற்றதற்கு மாட்டேன் என்றுவிட்டேன். அவரும் முணுமுணுத்துக்கொண்டே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுக் காப்பி குடித்தார். என் பூ ஒருவர் காப்பி குடிப்பதற்குப் பயன்பட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. செம்பருத்தி இல்லை. மாமியாரின் ஈரத்துணியில் சிவப்பு.

“அத்தே! எவ்வளவு நேரம் போட்டேன் தெரியுமா அதை?”

“நேத்துப் பூ தாயி. நேத்துப் பூவையா சாமிக்கு வச்சிருப்பாங்க?” என்றார். அவர் குரலில் குறும்பே இல்லை. நான் கத்துவது அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வாடினாலும் வாடாவிட்டாலும் பூவுக்கு ஒரு நாள்தான்.

அன்றிலிருந்து தினம் ஒரு பூ வரைந்தேன். தினமும் காலையில் அது போனது. முதலில் கோபத்தில் ஏனோதானோவென்று போட்டேன். பிறகு கோபம் குறைந்து வேடிக்கை பிடித்தது. எப்படியும் அழியப்போகிற பூ என்பதால் பென்சில் கோடு வேண்டாம், எண்ணிக்கை வேண்டாம். கண்ணாடி தண்ணீரைக் குடிப்பதில்லை. மழைக்காலத்து ஈரத்தில் நிறம் மத்தியானம்வரைகூடக் காயாது. தாளில் அது எனக்குச் சாபமாக இருந்தது. கண்ணாடியிலோ ஓர் இதழைப் பிடிக்கவில்லை என்றால் விரலால் நகர்த்தி வைக்கலாம். தோழி கேட்டால் கொண்டாடியிருப்பாள். அதனால் அவளிடம் சொல்லவில்லை.

மழைக்காலம் நடுவில் இருக்கும்போது அவள் போன் செய்தாள். ஊரில் படம் வரைகிறவர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஹால் பிடித்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. ஆளுக்கு ஒரு படம், பூ மட்டும். என் பெயரையும் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நான் பிகு பண்ணிக்கொண்டு “பார்க்கலாம்” என்றேன். போனை வைத்ததும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தேன். எனக்கு ஆசை இருந்தது. அடக்கமாகச் சொல்ல மனசில்லை, வெறி என்றே சொல்லலாம். நான் வரைந்த ஒன்று சுவரில் தொங்க, முன்பின் தெரியாத யாரோ அதன் எதிரில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். இத்தனை வருஷம் இந்த வீட்டு ஜன்னலோரத்தில் எனக்குள் குடைந்துகொண்டிருந்தது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டிலுக்கு அடியிலிருந்து படங்கள் வைத்திருந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். வாடையிலேயே தெரிந்துவிட்டது. பூஞ்சை. செம்பருத்திக்கு அம்மை போட்டிருந்தது. நீர்ப்பருத்தியில் சாம்பல் புள்ளிகள். தாமரையின் பாதி இதழை ஏதோ தின்றிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துத் தரையில் எறிந்தேன். புதிதாக ஒன்று வரையலாம் என்று உட்கார்ந்தால் தாளே அப்பளமாவு போலச் சொதசொதவென்று இருந்தது. நிறம் கோட்டைத் தாண்டி ஓடியது. அடுப்புச் சூட்டில் தாளைக் காய வைத்தேன், ஓரம் கருகியது. வாரம் முழுக்க இப்படி. கணவர் அந்த வாரம் கப்பலில் போய்விட்டார். சனிக்கிழமைக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் சரியாக முகம் கொடுத்து வழியனுப்பக்கூட இல்லை.

அவர் வருவதாக இருந்த நாளைக்கு இரண்டு நாள் முன்பு, மாடிப்படியில் ஒரு நந்தியாவட்டை கிடந்தது. எங்கிருந்து காற்று அடித்துக்கொண்டு வந்ததோ, சேற்றுத் தண்ணீரில் மல்லாந்து கிடந்தது. சாமிக்கு ஆகாது. எனக்கு ஆகும். கழுவி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, முருகன் படத்துக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு ஏறினேன்.

வெள்ளைப் பூவை வரைவது பெரிய தொல்லை. தாளில் வெள்ளையை யாரும் வரைவதில்லை. சுற்றிலும் இருட்டைப் போட்டுத் தாளைச் சும்மா விட்டுவிடுவார்கள். இதழின் நிழலைச் சாம்பலில் போட்டால் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும், நீலத்தில் போட்டால் சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி ஆகிவிடும். கண்ணாடியில் சும்மா விடுவதற்கு வெள்ளையே இல்லை. எடுத்துப் பூச வேண்டும். விரல் நுனியில் வெள்ளையைத் தொட்டு, மயில் கழுத்துக்கு மேலே, நந்தியாவட்டையின் இதழ்கள் சுழலுமே, அந்தத் திசையிலேயே ஒவ்வோர் இழுப்பாக இழுத்தேன். விரல் அழுத்திய இடத்தில் வெள்ளை மெலிந்தது. மெலிந்த இடத்தில் பின்னாலிருந்து மயில் கழுத்தின் நீலம் லேசாகத் தெரிந்தது. அதுதான் நிழல். நான் போடவே இல்லை, அது அங்கேயே இருந்தது. இதழின் ஓரம் கனத்த வெள்ளை, உட்பக்கம் அந்த நீலம், ஐந்து இதழும் சுற்றப்போகிற மாதிரி.

ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து பார்த்தேன். இதற்கு முன் நான் வரைந்தது எதுவும் பூ இல்லை.

மாமியார் வந்து நின்றார். வழக்கமாக ஒரு குறை சொல்வார். அன்றைக்கு இன்னும் கிட்டே வந்து பார்த்தார். “வாசம் வர்ற மாதிரி இருக்கு” என்றார்.

போனில் படம் எடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் ஜன்னலும் என் தலையும்தான் விழுந்தன. தோழியைக் கூப்பிட்டுச் சொன்னேன். கண்ணாடியையே கழற்றிக் கொண்டுவா, பின்னால் ஒரு நீலத் தாளை ஒட்டி மாட்டிவிடலாம் என்றாள். அதுவும் எளிதல்ல. சட்டத்தின் ஆணிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து மரத்தோடு மரமாகிவிட்டன. படத்தின் ஒரு மூலை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நான் இழுத்தால் முருகனின் தோள் கிழியும். அதை நிதானமாகப் பிரிக்கத் தெரிந்தவர் கணவர் ஒருவர்தான். என்ஜின் அறைக்காரருக்குத் துருவோடு பேசத் தெரியும். அவர் வர வேண்டும். அதுவரை பூ அங்கேயே இருக்க வேண்டும்.

மாமியாரிடம் போனேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

“அத்தே, இதை மட்டும் துடைக்காதீங்க. அவர் வந்து கழட்டித் தர்ற வரைக்கும்.”

“நேத்துப் பூவா ஆயிருமே தாயி.”

“ஆகட்டும். ஒரு தடவை. எனக்காக.”

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “சாமிக்கு வச்சத எடுத்துட்டா அது பிரசாதம். நீ எங்க வேணா கொண்டு போ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எடுக்காம வைக்கிறதுதான்...” என்று நிறுத்தினார். பிறகு, “சரி. அவன் வர்ற வரைக்கும் கை வைக்க மாட்டேன்” என்றார். அவர் சரி என்று சொன்னால் சரிதான். எனக்கு அவரைத் தூக்கிச் சுற்றலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் குளித்துவிட்டு வந்து, பூ இருந்த இடத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தார். நந்தியாவட்டை அப்படியே இருந்தது. நான் அடிக்கடி போய்ப் போய்ப் பார்த்துக்கொண்டேன். மத்தியானத்துக்கு மேல் காற்று திரும்பியது. சாயங்காலம் துறைமுகத்தில் கிரேன்களை நிறுத்திவிட்டார்கள். நாள் பூராவும் என்னைக் குடைந்த சத்தம் நின்றதும் அதைவிட மோசமாக இருந்தது.

சனிக்கிழமை கப்பல் வரவில்லை. கீழே போய் அவருடன் வேலை செய்கிற ஒருவர் வீட்டில் விசாரித்தேன்.

“லாங் ஐலண்ட் பக்கம் ஒதுங்கி நிக்குதாம் அக்கா. நேத்து வயர்லெஸ்ல பேசினாங்க. இன்னிக்கு மவுசம் ஜாஸ்தி, லைன் கெடைக்கல. டென்ஷன் ஆகாதீங்க” என்றார். அவர் மனைவி எனக்கு டீ கொடுத்தாள். டென்ஷன் ஆகாதீங்க என்று சொல்கிறவர்கள் வீட்டில் டீ நன்றாக இருக்காது.

கப்பல் ஒதுங்கி நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. கடல்காரன் வீட்டில் இதற்கெல்லாம் அழுதால் வருஷம் முழுக்க அழ வேண்டும். ஆனால் அன்றைக்கு நான் மாடிப்படி ஏறி வந்தபோது என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, இவர் வராவிட்டால் கண்ணாடியைக் கழற்றுவது யார்? அதுதான் ஓடியது. அடுத்த படியில்தான் அவர் முகம் வந்தது.

மாமியார் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. ஏன் என்றால் வயிறு சரியில்லை என்றார். கூடத்தில் வழக்கமாகப் படத்தைப் பார்த்து உட்காருகிறவர், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தேன். போனை எடுத்தேன், வைத்தேன். நெட்வொர்க் இல்லை. பிறகு வந்தது, பிறகு போனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. நான் சமையலறையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் குளித்துவிட்டு வந்து விளக்கேற்றுவது கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கையில் ஈரத்துணியோடு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். துணியைக் கண்ணாடிப் பக்கம் கொண்டு போனார். நிறுத்தினார். மடித்தார். மறுபடி பிரித்தார். அந்தப் பூவைப் பார்க்காமல் முருகன் முகத்தை மட்டும் பார்க்க அவர் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

“வாக்குக் குடுத்துப்புட்டேன்ப்பா” என்றார் மெதுவாக. “பச்சப்புள்ள மாதிரி கேட்டுச்சு. என்ன செய்யச் சொல்ற? அதுமேல கோவிச்சுக்கிறாத. அவன்மேலயும் கோவிச்சுக்கிறாத.”

எனக்கு நேற்றுப் பூ, இன்றைய பூ என்பதில் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது. கடல் இந்தக் கூடத்துக் கண்ணாடியைப் பார்த்து அடங்குவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கிழவி இரண்டு நாளாகத் தன் பிள்ளையின் உயிரை என் பூவுக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் என்பது அப்போதுதான் மண்டையில் இறங்கியது. அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை. போய் அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.

“வேணாம் தாயி! எக்ஸிபிஷன்...” என்று என் கையைப் பிடித்தார். அந்த வார்த்தையை அவ்வளவு சிரமப்பட்டுச் சொன்னார்.

“போகட்டும் அத்தே.”

துடைத்தேன். முதல் இழுப்பில் நந்தியாவட்டை அழியவில்லை, பரவியது. முருகன் இடுப்புவரைக்கும் ஒரே வெள்ளை மேகம். இரண்டாவது இழுப்பில் மேகம் கலைந்தது. மூன்றாவதில் மயில் கழுத்து முழு நீலமாக வெளியே வந்தது. இவ்வளவுதானா, இவ்வளவு சீக்கிரமா என்று இருந்தது. வலித்தது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மாமியார் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார். காலி இடம். இன்றைக்குப் பூ வேண்டும். வண்ணப் பெட்டியை எடுத்து வந்து ஸ்டூலில் ஏறினேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. சிவப்பைத் தொட்டால் பச்சையில் போய் விழுந்தது. எண்ணவும் வரவில்லை, தோழி சொன்ன மாதிரி ஓடவிடவும் வரவில்லை. எப்படியோ ஒரு வட்டம், சுற்றி ஐந்து இதழ், எல்லாம் ஒரே அளவு, மடிப்பு இல்லை, காம்பு இல்லை. முழுக்க மலர்ந்து நேராகப் பார்க்கும் செம்பருத்தி. ஓர் இதழ் கோணிக்கொண்டு வழிந்தது. அதைத் திருத்தப் போய் இன்னும் கோணியது. விட்டுவிட்டேன். மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். நான் ஸ்டூலிலிருந்து இறங்கி வண்ணப் பெட்டியை மூடினேன்.

ஹாலுக்கு நான் போகவில்லை. தோழி இரண்டு முறை போன் செய்தாள், எடுக்கவில்லை. மழை எப்போது விட்டது என்று தெரியாது. மத்தியானச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார்தான் முதலில் எழுந்தார்.

கணவர் உள்ளே வந்தார். உடம்பெல்லாம் டீசல் வாடை. சட்டை ஈரம், கண் சிவந்திருந்தது. கோபத்தில் இருந்தார், கப்பல்காரர்கள் திரும்பி வந்ததும் கோபத்தில்தான் இருப்பார்கள்.

“கப்பல் அணைஞ்சது அந்தக் கோடி ஜெட்டியில, ஒரு ஆட்டோ இல்ல. அங்கிருந்து நடந்தே வர்றேன். சோறு இருக்கா?” என்றார்.

மாமியார் அவர் கையைத் தொட்டார், தோளைத் தொட்டார். நான் தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தேன். அவர் துவட்டிக்கொண்டே சுவர்ப் பக்கம் திரும்பினார். வந்ததும் முருகனைப் பார்ப்பது அவர் வழக்கம். பார்த்தவர் துண்டைக் கீழே இறக்கினார். வீட்டில் இருக்கிற நாளெல்லாம் அந்தக் கண்ணாடியில் என் பூக்களைப் பார்த்துப் பழகியவர்.

“என்னம்மா இது? யார் போட்டது இன்னிக்குப் பூவை? சின்னப்புள்ள கிறுக்குன மாதிரி கோணக்கா மாணக்கான்னு இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். சாமிக்கு முன்னால் பொய் சொல்லி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“நான்தான்ப்பா போட்டேன்” என்றார். “அவ நல்லாத்தான் சொல்லிக் குடுத்தா. எனக்குத்தான் கை நடுங்கிருச்சு.”